காமராஜரும் குடியாத்தம் இடைத்தேர்தலும்

காமராஜரை அறியாத இல்லம் நம் சங்கத்தாரிடையே இல்லை. அவர் திறந்த பள்ளிகளையும், கட்டுவித்த அணைகளையும், பசித்த பிள்ளைகட்கு வகுத்த மதிய உணவையும் நம் சிறுவர்களும் எடுத்துரைப்பர். ஆயினும் அவர் முதன்மந்திரிப் பதவியேற்ற 1954ஆம் ஆண்டில், வட ஆர்க்காடு ஜில்லாவின் குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலுக்கு நின்ற செய்தியை நினைவு கூர்வார் சிலரே. அந்நிகழ்ச்சியை நடுவாகக் கொண்டு அப்பெருமகனாரின் வரலாற்றைச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பின்னாளில் விருதுநகர் எனப் பெயர் பெற்ற விருதுபட்டியில், 1903ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் நாள், குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விடுத்து மாமனின் துணிக்கடையில் அமர்ந்தார். கடையில் இருந்த உடம்பேயன்றி உள்ளம் தேசத்தொண்டில் இருந்தது. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தார். சத்தியமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு உழைத்து, 1937ஆம் ஆண்டு சாத்தூரிலிருந்து போட்டியின்றிச் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். 1940ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸின் தலைமையை ஏற்றார்.

அவ்வாண்டு இறுதியில், காந்தியடிகளைக் காண வார்தாவுக்குச் செல்லும் வழியில் குண்டூரில் கைதாகி, வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைக்குள் இருந்தபோதே விருதுநகர் மக்கள் அவரைத் தம் நகரசபைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தனர். 1941ஆம் ஆண்டு விடுதலையானதும் அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று அந்த ஸ்தானத்தை ராஜிநாமா செய்ததாகும். முழு மனத்தோடு உழைக்க இயலாத நாற்காலியில் அமர்ந்திருத்தல் தகாது என்பது அவர் கொள்கை. ஸ்தானத்தைக் காலி செய்யத் தெரிந்தவரே, காலியான ஸ்தானத்தை நிரப்பும் முறையையும் பின்னர் அறிந்திருந்தார் என நாம் கருதுகிறோம்.

பள்ளியில் அரசியல் அமைப்பைக் கற்பிக்குங்கால் மாணாக்கர் நம்மிடம் வினவுவதுண்டு: சட்டசபையில் அங்கத்தினர் அல்லாதார் மந்திரியாதல் கூடுமோ என்று. கூடும், ஆயின் ஆறு மாதம் மட்டுமே. அதற்குள் சபையில் இடம் பெறாராயின் மந்திரிப் பதவி தானே ஒழிந்துவிடும். இவ்விதி நம் அரசியற் சட்டத்தின் 164ஆம் பிரிவில் அடங்கியுள்ளது. அன்றியும், அங்கத்தினர் ஒருவர் காலமாதலாலோ, ராஜிநாமாவினாலோ, தகுதியிழப்பினாலோ ஒரு தொகுதி வறிதாகுமாயின், அவ்வொரு தொகுதி வாக்காளரிடம் மட்டும் மீண்டும் கேட்பதே இடைத்தேர்தல். முன்னாளில் உபதேர்தல் என வழங்கியதற்கு இச்சொல் வந்தது நன்று. இரு பொதுத்தேர்தல்களுக்கு இடையே வருதலின் பெயர் பொருளோடு பொருந்தியிருக்கிறது.

இனி 1952ஆம் ஆண்டுக்கு வருவோம். முதற் பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களுள் காங்கிரஸ் பெற்றவை 152. பெரும்பான்மை இல்லாத நிலையில் இராஜாஜி முதன்மந்திரியானார். அவர் எத்தொகுதியிலும் நின்றவரல்லர். கவர்னரின் நியமனத்தால் மேற்சபைக்கு வந்தவர். சட்டம் அதற்கு இடந்தந்தது எனினும், வாக்காளரைக் காணாது ஆட்சிக்கு வருதல் முறையோ என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. 1953ஆம் ஆண்டு அவர் கொணர்ந்த புதிய ஆரம்பக் கல்வித்திட்டம், பிள்ளைகள் அரை நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தந்தையின் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டு நாடே அதை எதிர்த்தது. சொந்தக் கட்சியும் கலங்கியது. 1954ஆம் ஆண்டு அவர் பதவி விலகினார்.

அடுத்த தலைவர் யார் என்பதில் போட்டி எழுந்தது. சி. சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் காமராஜருக்கு 93 வாக்குகளும் கிடைத்தன. ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் பதவியேற்றார். தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் சிறிய மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். குலக்கல்வித் திட்டமும் கைவிடப்பட்டது. ஆயினும் ஒரு குறை இருந்தது. அவர் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரின் சார்பில் பாராளுமன்றத்து அங்கத்தினர். சென்னைச் சட்டசபையில் அவருக்கு இடமில்லை. ஆறு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

வழி இரண்டு இருந்தன. ஒன்று மேற்சபை, முன்னவர் சென்ற வழி அது. நியமனமோ, சட்டசபை அங்கத்தினரின் வாக்கோ போதும். வெயிலில் அலைய வேண்டுவதில்லை. பின்னர் 1967ஆம் ஆண்டு அண்ணாதுரையும் மேற்சபை வழியே சென்றார் ஆதலின், அதனைக் குற்றம் என யாம் கூறோம். மற்றொன்று, காலியான ஒரு தொகுதியில் நின்று பொதுமக்களிடம் வாக்குக் கேட்டல். காமராஜர் இதனைத் தேர்ந்தார்.

தேர்ந்த தொகுதியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடியாத்தம் விருதுநகருக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஊர். கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போனது. தீப்பெட்டித் தொழில் ஒன்றே அவர் பிறந்த சீமையை நினைவூட்டும். ஊரும் உறவும் அங்கே இல்லை. பதின்மூன்று ஆண்டுகட்கு முன் அதே ஜில்லாவின் வேலூரில் அவர் கைதியாக இருந்தார். இப்போது முதன்மந்திரியாக வந்து வீதியில் கைகூப்பினார். முதன்மந்திரி இடைத்தேர்தலில் தோற்பாராயின் நேரும் இழிவு சிறிதன்று. பெரும்பான்மை மெலிந்திருந்த காங்கிரஸில் தோல்வி ஆட்சியையே அசைத்திருக்கும்.

ஒரு குலத்தார் கூடி நடத்தும் இப்பத்திரிகையில் இதை எழுத நாம் கூசவில்லை. தேர்தல் வந்ததும், இத்தொகுதியில் நம்மவர் எத்தனை வீடு என்று விரல்விட்டு எண்ணும் வழக்கம் நம்மிடமும் உண்டு. நாமும் ஒரு காலத்தில் எண்ணியவர்களே. தம்மவர் எண்ணிக்கையை நம்பாமல், தம்மை நேரில் கண்டறியாத நெசவாளரிடமும் உழவரிடமும் போய் நின்ற ஒருவரைப் பற்றி எழுதுங்கால் அவ்வெண்ணிக்கை நமக்கு நாணந் தருகிறது.

எதிரே நின்றவருள் முதன்மையானவர் பொதுவுடைமைக் கட்சியின் கோதண்டராமன். அப்பகுதித் தொழிலாளரிடையே வேரூன்றியவர். வியப்பு யாதெனில், காங்கிரஸை நாடோறும் கண்டித்துவந்த ஈ.வெ.ரா. பெரியாரின் திராவிடர் கழகமும், அண்ணாதுரையின் திராவிட முன்னேற்றக் கழகமும் இத்தேர்தலில் காமராஜரை ஆதரித்தமையாகும். கல்வித்திட்டத்தை எதிர்த்த ஒருமைப்பாடே அவ்விணக்கத்துக்குக் காரணம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதோ, தறியடியில் உட்காரவைப்பதோ என்ற வினா குடியாத்தத்து நெசவாளர் வீட்டில் ஏட்டு வினாவன்று. பெருவாரியான வாக்குகளால் காமராஜர் வென்றார். சட்டசபைக்குள் அவர் புகுந்தபோது, நியமனம் பற்றிய பழைய முணுமுணுப்புக்கு இடமில்லாது போயிற்று.

பிற்காலச் செய்திகள் சிலவற்றையும் இங்கே சேர்க்கிறோம். 1986ஆம் ஆண்டு தமிழ்நாட்டு மேற்சபை நீக்கப்பட்டது. ஆதலின் சபையில் இல்லாத முதன்மந்திரிக்கு இன்று இடைத்தேர்தலைத் தவிர வேறு வாயில் இல்லை. 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால், தொகுதி வறிதான ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்துதல் பொதுவிதியாயிற்று. எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவாயின் அவ்விதி பற்றாது. தேர்ந்தெடுக்கப்படாமலே ஆறு மாதம் கழித்து விலகி, மீண்டும் மந்திரியாகும் சூழ்ச்சியைப் பஞ்சாப் மந்திரி ஒருவர் வழக்கில் 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே இடைத்தேர்தல் இழிந்த விதமும் நாம் கண்டதே: 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலை, பணம் வழங்கப்பட்ட காரணத்தால் தேர்தல் ஆணையமே நிறுத்தியது. குடியாத்தத்தை எண்ணிய மனத்துக்கு அச்செய்தி வருத்தந் தந்தது.

1957, 1962ஆம் ஆண்டுகளில் காமராஜர் சாத்தூரில் வென்றார். கட்சிப் பணிக்காக 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தாமே முதன்மந்திரிப் பதவியைத் துறந்தார். 1967ஆம் ஆண்டு பிறந்த ஊரான விருதுநகரில் ஓர் இளைஞரிடம் 1,285 வாக்குகளால் தோற்றார். உறவும் ஊரும் நிறைந்த இடத்தில் தோல்வி. அவை இல்லாத குடியாத்தத்தில் வெற்றி.

தோற்றவர் மீண்டதும் இடைத்தேர்தல் வழியாகவே. நேசமணி காலமானதால் வறிதான நாகர்கோவில் பாராளுமன்றத் தொகுதியில் 1969ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நின்றார். குடியாத்தத்தில் துணைநின்ற திராவிட முன்னேற்றக் கழகம் இம்முறை ஆளுங்கட்சியாக எதிர்ப்புறம் இருந்தது. அவர் வென்றார், 1971ஆம் ஆண்டிலும் அத்தொகுதியார் அவரையே அனுப்பினர். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த தினத்தன்று, நாகர்கோவிலின் அங்கத்தினராக இருந்தபடியே சென்னையில் உயிர் நீத்தார்.