கேட்கத் தெரிந்த நடிகர்

சென்ற ஆண்டு நம் பள்ளி மண்டபத்தில் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, 'பாய்ஸ் டவுன்' என்ற பழைய ஆங்கிலப் படம் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? அதில் அநாதைச் சிறுவர்களுக்காக வீடு வீடாகக் கையேந்தும் குருவானவரை, மெய்யான குருவானவர் என்றே எண்ணிவிட்டவர்களில் நானும் ஒருத்தி. அவர் ஒரு சினிமா நடிகர் என்று சிஸ்டர் சொன்னபோது எனக்குச் சிறிது ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஏமாற்றம் போய், வேறு ஏதோ ஒன்று நெஞ்சில் தங்கிவிட்டது. அவர்தான் ஸ்பென்சர் டிரேசி.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் டிரேசி பிறந்தார். தந்தை ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கர். லாரி விற்பனை செய்பவர். தாய் பிராட்டஸ்டண்டு குடும்பத்துப் பெண். சிறுவன் ஸ்பென்சரோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத குறும்பன். பள்ளிக்கூடம் என்றாலே ஓட்டம். ஒன்பது வயதில், இவனை வழிக்குக் கொண்டுவருவது தம்மால் ஆகாது என்று கண்ட பெற்றோர், டொமினிக்கன் சபைக் கன்னியரிடம் ஒப்படைத்தார்கள். (கன்னியரிடம் அனுப்பினால் பிள்ளை திருந்திவிடும் என்ற நம்பிக்கை அமெரிக்காவிலும் உண்டு போலும்!) ஆனால் அவனுக்குப் படிப்பில் ஆசை பிறந்தது வேறொன்றால். அக்காலத்துப் படங்கள் பேசாதவை. காட்சிக்கு நடுவே உரையாடல் எழுத்தில் வரும். அதை வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பள்ளியைப் பொறுத்துக்கொண்டதாகப் பின்னாளில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பின்பு இயேசு சபையார் நடத்திய பள்ளிகளில் பயின்றார். மார்க்கெட் பள்ளியில் பாட் ஓ'பிரையன் என்ற தோழர் கிடைத்தார்; இருவரும் சேர்ந்து நாடகம் பார்க்கத் தொடங்கினார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-இல் டிரேசி கடற்படையில் சேர்ந்தார். பயிற்சி முடியுமுன் போர் முடிந்துவிட்டது. 1921-இல் ரிப்பன் கல்லூரியில் சேர்ந்தபோது மருத்துவர் ஆவதே அவர் எண்ணம். ஆயினும் கல்லூரி நாடக மேடையும் சொற்போர் மேடையும் அவரை இழுத்துக்கொண்டன. 1922-இல் நியூயார்க் சென்று நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். ஓ'பிரையனும் அங்கே வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஒரே சிறு அறை. பல நாள் வெறும் சோறே உணவு. வெளியே போட்டுக்கொண்டு போகத் தகுந்த கோட்டும் இருவருக்குமாக ஒன்றே ஒன்று. பிராட்வே மேடையில் டிரேசிக்குக் கிடைத்த முதல் வேடம் என்ன தெரியுமா? 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தில் இயந்திர மனிதன். ஒரு வசனமும் கிடையாது.

1923-இல், தாம் நடித்த நாடகக் குழுவின் கதாநாயகி லூயிஸ் டிரெட்வெலை மணந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஜான் என்று பாட்டனாரின் பெயரையே இட்டார்கள்.

குழந்தைக்குப் பத்து மாதம் இருக்கும். ஒரு நாள் அது உறங்கிக்கொண்டிருந்தபோது லூயிஸ் கைதவறிக் கதவைப் படாரென்று அறையவிட்டார். குழந்தை அசையவில்லை. பெயர் சொல்லி அழைத்தார். இன்னும் உரக்க அழைத்தார். கண் திறக்கவே இல்லை. அருகே சென்று தொட்டதும்தான் விழித்தது. ஜானுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது அந்தத் தாய்க்கு அப்படித்தான் தெரிந்தது. உடனே கணவரிடம் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. சில காலம் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

தந்தைக்குத் தெரிந்தபோது அவர் இடிந்துபோனார். மகனுக்கு வந்த குறை தம் பாவத்துக்கு வந்த தண்டனை என்று அவர் மனத்தில் பதிந்துவிட்டது. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வியும், அதற்கு அவர் அளித்த மறுமொழியும் நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்ததுதான். இயேசு சபையாரிடம் பயின்ற டிரேசியும் படித்திருப்பார். ஆயினும் அது அவர் உள்ளத்தில் இறங்கவில்லை. ஜானுக்கு இருந்தது அஷர் சிண்ட்ரோம் என்பது நெடுங்காலத்துக்குப் பின்தான் தெரிய வந்தது. அது பரம்பரையாக வரும் நோய். தாய் தந்தை இருவரும் எந்தக் குறையுமின்றி இருப்பார்கள்; இருவரிடமும் மறைந்திருக்கும் கூறு ஒரு பிள்ளையிடம் ஒன்றுசேரும்போது வெளிப்படும். இதில் யாருடைய பாவமும் இல்லை. இதை யாராவது அவருக்கு 1925-இலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

லூயிஸ் அழுதுகொண்டு உட்காரவில்லை. மருத்துவர்கள் கைவிரித்ததும் மேடையை விட்டு விலகி, மகனுக்குத் தாமே ஆசிரியை ஆனார். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும், தொண்டை அதிர்வைத் தொட்டுணர்ந்து ஒலி எழுப்பவும் பழக்குவது எளிதன்று; ஒரே சொல்லை நூறு முறை, ஆயிரம் முறை சொல்ல வேண்டும். இடையில் அச்சிறுவனுக்கு இளம்பிள்ளை வாதமும் வந்தது. அப்படியிருந்தும் ஜான் பேசக் கற்றான்.

டிரேசியின் தொழிலோ ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மேடையை விட்டுவிடலாமா என்று மனம் தளர்ந்திருந்த 1926-இல், ஜார்ஜ் எம். கோஹன் என்ற பெரும் நாடகாசிரியரின் பாராட்டு அவரைக் காத்தது. 1930-இல் 'தி லாஸ்ட் மைல்' நாடகத்தில் மரண தண்டனைக் கைதியாக நடித்ததைக் கண்ட இயக்குநர் ஜான் ஃபோர்டு, 'அப் தி ரிவர்' படத்தில் நடிக்க அவரை அழைத்துச் சென்றார். அதன்பின் ஃபாக்ஸ் நிறுவனத்தில் ஐந்தாண்டுகளில் இருபத்தைந்து படங்கள், பெரும்பாலானவை நட்டம். 1935-இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு மாறிய பிறகே அவருக்கு நல்ல காலம் பிறந்தது.

1936-இல் வந்த 'சான் பிரான்சிஸ்கோ', 1906-ஆம் ஆண்டு அந்நகரை அழித்த நிலநடுக்கத்தைப் பற்றிய படம். அதில் அவருக்குக் குருவானவர் வேடம். அதை ஏற்கவே அவர் தயங்கினார். திருச்சபையின் சார்பாகத் திரையில் நிற்பது பெரும் பொறுப்பு என்றும், தாம் அதற்குத் தகுதியுள்ளவரா என்றும் கலங்கினார். அடுத்த ஆண்டு 'கேப்டன்ஸ் கரேஜியஸ்'. நம் பம்பாயில் பிறந்த கிப்ளிங் எழுதிய கதை அது. கப்பலிலிருந்து கடலில் விழுந்த ஒரு பணக்காரப் பிள்ளையை மீட்டு, மனிதனாக்கும் மானுவல் என்ற போர்த்துக்கீசிய மீனவராக வந்தார் டிரேசி. தலைமுடியைச் சுருட்டிவிட்டதும், பேச வேண்டியிருந்த கொச்சை ஆங்கிலமும் அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் அதற்குத்தான் ஆஸ்கார் கிடைத்தது! பரிசளிப்பு நாளில் அவர் மருத்துவமனையில் இருந்ததால் லூயிஸ் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். அந்தச் சிலையில் ஸ்பென்சர் என்பதற்குப் பதிலாக, படக்கதைத் துப்பறிவாளர் டிக் டிரேசியின் பெயரைப் பொறித்துவிட்டார்களாம்.

1938-இல் 'பாய்ஸ் டவுன்'. நெப்ராஸ்காவில் ஒமாகா நகரருகே அருட்தந்தை எட்வர்டு ஃபிளனகன் 1917-இல் தொடங்கிய சிறுவர் இல்லத்தின் கதை. படப்பிடிப்பின் ஒரு பகுதி அந்த இல்லத்திலேயே நடந்தது. இதற்கும் ஆஸ்கார் கிடைக்கவே, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அப்பரிசைப் பெற்ற முதல் ஆண் நடிகர் ஆனார். அந்தச் சிலை அருட்தந்தை ஃபிளனகனுக்கே போய்ச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், படத்தைப் பார்த்த பலர், இனி அந்த இல்லத்துக்குப் பணத்துக்கு என்ன குறை என்று எண்ணி நன்கொடையை நிறுத்திக்கொண்டார்கள். இல்லத்துக்கு உதவுமாறு மீண்டும் வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று.

நடிப்பில் அவரிடம் என்ன சிறப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிவது ஒன்றுதான். எதிரே இருப்பவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற பலர் தம் முறை எப்போது வரும் என்று காத்திருப்பதுபோல் தெரியும். இவர் முதன்முறையாக அச்சொல்லைக் கேட்பவர்போல முகத்தைப் பார்த்தபடி நிற்பார். ஒப்பனையும் மிகக் குறைவு. இவ்வளவு கேட்கத் தெரிந்தவரின் குரலை, பேசும் படத்தால் புகழ்பெற்ற அந்தக் குரலை, அவருடைய மகன் ஒரு நாளும் கேட்டதில்லை.

இனிச் சொல்ல வேண்டியதை மறைத்தால் இது பாதி வாழ்க்கையாகிவிடும். டிரேசிக்குக் குடிப்பழக்கம் இருந்தது. மாதக்கணக்கில் தொடாமல் இருப்பார். பிறகு திடீரென்று சில நாட்கள் எங்கிருக்கிறார் என்றே தெரியாதபடி குடித்துக் கிடப்பார். 1930-களின் பிற்பகுதி முதல் பெரும்பாலும் குடும்பத்தை விட்டுத் தனியாகவே வசித்தார். மணமுறிவு செய்துகொள்ளவில்லை. 1942-இல் தொடங்கி ஒன்பது படங்களில் தம்முடன் நடித்த கேத்தரீன் ஹெப்பர்னோடு இறுதிவரை நேசமாக இருந்தார். லூயிசுக்கு இது எப்படி இருந்திருக்கும்? குருவானவராகத் திரையில் அத்தனை பேரைத் தேற்றியவர் தம் வீட்டில் இப்படி இருந்தாரே என்று எனக்கு வருத்தம்தான். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் மனம் வரவில்லை. லூயிசை நினைத்தால் மன்னித்துவிடவும் மனம் வரவில்லை.

அதே 1942-இல் லூயிஸ் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சல்சில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சிறு வீட்டில், காது கேளாத குழந்தைகளின் தாய்மார்களைக் கூட்டினார். அதுவே ஜான் டிரேசி கிளினிக். பிள்ளைக்குக் கற்பிப்பதோடு நில்லாமல் பெற்றோருக்கும் கற்பிப்பது அதன் வழி, கட்டணம் கிடையாது. நேரில் வர இயலாதவர்களுக்கு 1943 முதல் தபால் மூலம் பாடங்கள் போயின. பிறகு வேறு நாடுகளுக்கும் சென்றன. தொடக்கத்தில் பணம் தந்து தாங்கியவர் டிரேசிதான். ஆனால் இது முழுக்க லூயிசின் உழைப்பு என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. ஜானும் வளர்ந்து, குதிரையேறிப் போலோ ஆடி, ஓவியம் பயின்று, வால்ட் டிஸ்னியின் நிறுவனத்தில் பணிபுரிந்தார், மணமும் செய்துகொண்டார்.

டிரேசியின் பிற்காலப் படங்களில் 1961-இல் வந்த 'ஜட்ஜ்மெண்ட் அட் நூரம்பெர்க்' ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாஜி நீதிபதிகளை விசாரிக்கும் அமெரிக்க நீதிபதி வேடம். இறுதியில் தீர்ப்புக் கூறும் நீண்ட உரையை ஒரே தடவையில் நடித்து முடித்தார். படப்பிடிப்புத் தளத்தில் இருந்தோர் கைதட்டினார்கள். 1963-க்குப் பின் உடல்நலம் மிகவும் குன்றியது. 'கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்' படத்துக்கு அவரை வைத்து எடுக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. இயக்குநர் ஸ்டான்லி கிராமரும் ஹெப்பர்னும் தங்கள் ஊதியத்தையே பிணையாக வைத்தார்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரமே அவரால் வேலை செய்ய முடிந்தது. வெள்ளையர் வீட்டுப் பெண் கறுப்பின மருத்துவரை மணக்க விரும்பும் கதை அது. பெண்ணின் தந்தையாக டிரேசி தம் கடைசிக் காட்சியை 1967 மே 24-இல் நடித்தார். பதினேழு நாள் கழித்து, ஜூன் 10-ஆம் தேதி அதிகாலையில், சமையலறையில் மாரடைப்பால் இறந்தார்.

ஜூன் 12-இல் ஹாலிவுட்டின் மரியின் மாசற்ற இருதய ஆலயத்தில் இறந்தோருக்கான திருப்பலி நடந்தது. அதே நாளில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வதைத் தடுத்த மாநிலச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. குடும்பத்தாரின் மனம் நோகக்கூடாதென்று ஹெப்பர்ன் திருப்பலிக்கு வரவில்லை. லூயிசும் பிள்ளைகள் ஜான், சூசி இருவரும் இருந்தார்கள்.

லூயிஸ் 1983-இல் காலமானார். ஜானுக்கு அந்த நோயின் மறுபாதியாகப் பார்வையும் மெல்ல மெல்ல மங்கி, முதுமையில் முழுவதும் போய்விட்டது. உதடுகளைப் பார்த்துக் கேட்கக் கற்றவருக்கு அதுவும் இல்லாமற்போயிற்று. 2007-ஆம் ஆண்டு, தமது எண்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.