தில்லையாடி வள்ளியம்மை

தரங்கம்பாடிக்கு அணித்தே அமைந்த சிற்றூர் தில்லையாடி. அவ்வூரின் பெயரை உலகறியச் செய்த நங்கை அங்குப் பிறந்தவரும் அல்லர், வளர்ந்தவரும் அல்லர். 1898-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், முனுசாமி முதலியார்க்கும் மங்களத்தம்மாளுக்கும் மகளாய்ப் பிறந்தார் வள்ளியம்மை. தில்லையாடி அவர்தம் அன்னையின் ஊர்.

நேட்டால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் பாடுபட நம் நாட்டினர் பலர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றிருந்தனர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்குவோர் ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி இறுத்தல் வேண்டும். 13 வயதுச் சிறுமியும் இவ்வரிக்குத் தப்பவில்லை. திங்களுக்கு ஏறத்தாழ 14 ஷில்லிங் ஈட்டும் தொழிலாளிக்கு, ஒருவர்க்குரிய வரியே நான்கு மாத ஊதியத்தை விழுங்கிற்று! இக்கொடுமை போதாதென்று, கிறித்தவ முறைப்படி நடந்து பதிவு பெறாத திருமணங்கள் செல்லா என்று 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணந்த மனைவியர் ஒரே நாளில் மனைவியர் அல்லர் ஆயினர்.

காந்தியடிகள் மகளிரையும் அறப்போருக்கு அழைத்தார். அப்போது வள்ளியம்மைக்கு வயது 15. டிரான்ஸ்வாலில் இந்தியர் எவர்க்கும் வாக்குரிமை இல்லை. பெண்களுக்கோ வெள்ளையருள்ளும் இல்லை. மன்றத்தில் உரைக்க வழியற்ற அச்சிறுமி, தம் கருத்தைக் காலால் நடந்து உரைத்தார். இசைவுச்சீட்டின்றி எல்லை கடத்தல் குற்றம் எனத் தெரிந்தே, தாயுடன் நேட்டால் நோக்கிச் சென்றார், கைதானார். 1913 டிசம்பர் 22-இல் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறை புகுந்தார்.

சிறையில் சில நாளிலேயே கடுங்காய்ச்சல் பற்றிற்று. சிறுமி இறப்பின் பழி வருமே என அஞ்சினரோ என்னவோ, அதிகாரிகள் முன்னரே விடுவிக்க முன்வந்தனர். வள்ளியம்மை இசையவில்லை. பெற்றவள் உள்ளம் என்ன பாடுபட்டதோ!

விடுதலையாகி வந்தபோது அவருடல் எலும்புக்கூடாய் இருந்தது. காண வந்த அடிகள், சிறை சென்றதற்காக வருந்துகின்றாயோ என வினவினார். வருத்தம் சிறிதும் இல்லை என்றும், மீண்டும் கைது செய்தாலும் சிறை செல்ல ஒருப்படுவதாகவும் அவர் விடையிறுத்தார். அதனால் உயிர் போகுமாயின் என்று கேட்டதற்கும், தாய்நாட்டுக்காக இறக்க விரும்பாதார் யார் என்னும் கருத்துப்படவே மறுமொழி வந்தது.

1914 பிப்ரவரி 22 அன்று அவர் உயிர் நீத்தார். அன்றே அவருக்கு 16 வயது நிறைந்தது. அவ்வாண்டிலேயே தலைவரி ஒழிந்தது. இந்தியர் திருமணங்களும் சட்டத்தின் ஏற்புப் பெற்றன. அடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுமுன், ஜூலையில், ஜோகன்னஸ்பர்க் இடுகாட்டில் வள்ளியம்மையின் நினைவுக்கல்லைத் திறந்துவைத்தார். மறு ஆண்டு தமிழகம் போந்தபோது, தில்லையாடிக்கும் வந்து சென்றார்.