சொற்களை வகுத்த வைத்தியர்

ஆங்கிலத்திற் கட்டுரை வரையப் புகும் நம் மாணவரிற் பலர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு காரியம் பலமுறை நிகழ்வதைக் கூறவேண்டின், ‘ஆஃபன்’ என்னும் ஒரு சொல்லே அவர்தம் பேனா முனையில் வந்து நிற்கும். ஒரே பக்கத்தில் அது நான்காம் முறை தலைகாட்டுமாயின், நூலகத்துட் சென்று தடித்த புத்தகமொன்றைப் புரட்டி, ‘ஃப்ரீக்வென்ட்லி’ என்றோ ‘இன்ஸெஸண்ட்லி’ என்றோ ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு மகிழ்வர். அப்புத்தகத்தின் முகப்பில் விளங்கும் ரோஜே என்னும் பெயருக்குரியார் யாவர் என வினவுவார் மிகச் சிலரே. அவர் இலக்கண ஆசிரியருமல்லர், கவிஞருமல்லர், வைத்தியர். அவர் அந்நூலை இயற்றியதும் இத்தகைய ஒட்டுவேலைக்காக அன்று.

பீட்டர் மார்க் ரோஜே என்பார் 1779-ம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜான் ரோஜே ஜெனீவா நகரத்தவர். லண்டனில் பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டுச் சபையொன்றின் குருவாயிருந்தவர். மகனுக்கு நான்கு வயதாயிருக்கையில் அவர் காசநோயால் மாண்டார். தாயார் காதரீன், சட்டச் சீர்திருத்தத்தாற் பெரும்புகழ் பெற்ற ஸர் ஸாமுவேல் ராமிலியின் உடன்பிறந்தாள். தந்தையற்ற பிள்ளைக்கு அம்மாமனே தந்தையின் நிலையில் நின்றார்.

ரோஜே பதினான்காம் வயதில் எடின்பரோ சர்வகலாசாலையிற் புகுந்து, 1798-ல், பத்தொன்பதாம் வயதில், வைத்தியப் பட்டம் எய்தினார். அடுத்த ஆண்டு பிரிஸ்டலில் டாக்டர் பெடோஸ் நடத்திய வாயு ஆராய்ச்சி நிலையத்தில், நகைப்பூட்டும் வாயுவை உட்கொண்டு பார்த்தவர்களுள் இவரும் ஒருவர். 1802-ல் மான்செஸ்டர் நகரத்துப் பஞ்சாலை அதிபர் ஒருவரின் புதல்வர் இருவர்க்கு ஆசிரியராகி அவர்களுடன் ஐரோப்பா சென்றார். ஜெனீவாவில் தங்கியிருக்கையில், 1803-ல் போர் மீண்டும் மூண்டது. ஆங்கிலேயரைச் சிறைப்படுத்துமாறு நெப்போலியன் ஆணையிட்டான். ரோஜே, தம் தந்தை அந்நகரத்துக் குடிமகன் என்பதை நிறுவித் தாமும் அவ்வுரிமை பெற்று, மாணவருடன் ஜெர்மனி வழியாகத் தப்பித் தாயகம் சேர்ந்தார். தக்க வேளையிற் காட்டிய ஒரு பத்திரம் அவரைப் பல்லாண்டுச் சிறையினின்றும் காத்தது.

மான்செஸ்டர் வைத்தியசாலையில் அமர்ந்த பின்னரே நாம் கருதும் நூலின் வித்து விழுந்தது. எழுதும்போது வேண்டிய சொல் உடனே வந்து உதவாத குறையைத் தம்மிடத்தே கண்ட அவர், 1805-ல் தம் சொந்தப் பயனுக்காகச் சொற்களைக் கருத்துவாரியாக வகுத்துச் சிறியதோர் பட்டி எழுதிவைத்தார். அதனைப் பிறர்க்குக் காட்டும் எண்ணம் அப்போது அவர்க்கில்லை.

1808-ல் லண்டனுக்குக் குடியேறினார். அங்கே அவர் கைவைக்காத துறை அரிது எனலாம். வர்க்கமும் மூலமும் காண உதவும் கணக்குச் சட்டமொன்றை அமைத்தமையால் 1815-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். சுழன்றோடும் சக்கரத்தின் நேரான ஆரைக்கால்கள், நெடுக்குச் சந்துகளின் வழியே நோக்கும்போது வளைந்து தோன்றுவதேன் என்பதை 1824-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். விரைந்து மீண்டும் மீண்டும் கண்ணிற்படும் தோற்றங்கள் ஒன்றாய்க் கலப்பதை ஆராய்ந்த அக்கட்டுரையைச் சலனப்பட வரலாறு எழுதுவோர் இன்றும் குறிப்பிடுவர்.

புகழ் வளர்ந்த அவ்வாண்டுகளிலேயே துயரமும் வளர்ந்தது. 1818-ல் மாமன் ராமிலி, மனைவியை இழந்த சில நாட்களுக்குள், மருமகனாகிய ரோஜே வைத்தியராய் உடனிருந்து பேணிவந்தபோதே, தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அருகிருந்தும் காக்கவியலாத வைத்தியரின் மனநிலை எத்தகையதாயிருந்திருக்கும்! தாயாரும் முதுமையில் அறிவு கலங்கினார். 1824-ல் மணந்த மனைவி மேரி, இரு மக்களை விட்டு 1833-ல் புற்றுநோயால் இறந்தாள். தம்மைச் சூழ்ந்த மனங்கள் ஒவ்வொன்றாய் நிலைகுலையக் கண்ட ஒருவர், யாவற்றையும் நிரல்படுத்தி வைப்பதிற் பெருவிருப்புடையராயிருந்தது வியப்பன்று. இது யாம் கொள்ளும் கருத்து.

1827 முதல் 1848 வரை ராயல் சொஸைட்டியின் காரியதரிசியாயிருந்து, அச்சங்கத்தில் எழுந்த பூசல்களினிடையே விலகினார். அப்போது அகவை அறுபத்தொன்பது. பிறராயின் சாய்வு நாற்காலியை நாடியிருப்பர். ரோஜே பழைய பட்டியைத் தேடி எடுத்தார். அதனைப் பன்மடங்கு விரித்து, 1852-ல், தமது எழுபத்து மூன்றாம் வயதில், ‘தெஸாரஸ்’ என்னும் பெயரால் வெளியிட்டார். கருவூலம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

அருவத் தொடர்பு, இடம், சடப்பொருள், அறிவு, விழைவு, உணர்ச்சி என ஆறு பெரும்பிரிவுகளும், அவற்றுள் ஆயிரம் தலைப்புகளும் கொண்டது அந்நூல். செடிகொடிகளையும் விலங்குகளையும் இனவாரியாகப் பிரித்துப் பழகிய கையே சொற்களையும் பிரித்தது. காலத்தைப்பற்றிய பகுதியின் 136-ம் தலைப்பு பலகால் நிகழ்வது. அதன் எதிரே 137, அரிதாய் நிகழ்வது. அடுத்த 138 முறைதவறாது மீள்வது. அதற்கெதிர் 139, முறையின்றி நிகழ்வது. மாணவர் இவ்விடத்திற் சற்று நின்று நோக்குக. பலமுறை வருவது வேறு, குறித்த இடைவெளியில் வருவது வேறு. குளிர்காய்ச்சல் முறைவைத்து மீள்வதைக் குறிக்கும் ‘பீரியாடிகலி’ என்னும் சொல்லை, நேரங்காலமின்றி அடிக்கடி வந்து தொல்லை தரும் விருந்தினர்க்குச் சூட்டுதல் பிழை. ‘இன்ஸெஸண்ட்லி’ என்பதோ இடையறாமையைக் குறிப்பது. வாரம் இருமுறை பெய்யும் மழைக்கு அது பொருந்தாது. ரோஜே சொற்பொருளை விளக்கி எழுதவில்லை. பக்கத்துப் பக்கத்தே நிறுத்தி, வேற்றுமை காணும் பொறுப்பை எழுதுவோனிடமே விட்டார்.

சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தல் நமக்குப் புதிதன்று. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் அங்ஙனமே அமைந்தவை. வடமொழி அமரகோசத்தை, 1808-ல் சீராம்பூரில் அச்சான கோல்புரூக்கின் மொழிபெயர்ப்பால் ரோஜே அறிந்திருந்தார். தம் முன்னுரையில் அதனைக் குறித்து, நுண்கருத்துகளைப் பொறுத்தவரை அதன் வகுப்புமுறை குழப்பமுடையதென்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு சிறிது கடுமையானதே. மனப்பாடஞ் செய்யச் செய்யுளில் யாத்த நூலுக்கும், மேசைமேல் வைத்துப் புரட்ட எழுதிய நூலுக்கும் நோக்கம் ஒன்றாகாது.

நூல் அவர் வாழ்நாளிலேயே இருபத்தெட்டு முறை அச்சேறிற்று. தொண்ணூறாண்டு நிறைந்து, 1869-ம் ஆண்டு செப்டம்பர் 12-ம் நாள் மேற்கு மால்வெர்ன் என்னும் ஊரில் அவர் காலமானார். தந்தையார் எழுதி விட்டுச்சென்ற குறிப்புகளைச் சேர்த்து, மகன் ஜான் லூயிஸ் ரோஜே 1879-ல் விரிந்த பதிப்பொன்றை வெளியிட்டார். அவர்க்குப்பின் பேரர் ஸாமுவேல் அப்பணியை மேற்கொண்டார்.