தூக்குமேடையின் முன் ஒரு நாவலாசிரியர்

ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு போட்ஸ்மத் நகரிற் பிறந்தார். கடனிறுக்க இயலாத தந்தையார் 1824இல் இலண்டனிலுள்ள மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய அவர் சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையிற் கூலிவேலை புரிந்தார். சட்டத்தின் கடுமையை ஏட்டிற் படிக்குமுன்னரே வாழ்விற் கண்டவர் அவர்.

அக்காலத்து இங்கிலாந்திற் கொலைஞரை ஊரறியத் தூக்கிலிட்டனர். காண்போர் அஞ்சித் திருந்துவர் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். 1840 யூலை 6ஆந் திகதி, தன் எசமானைக் கொன்ற கூர்வொசியே என்னும் பணியாளன் நியூகேற் சிறைவாயிலிலே தூக்கிலிடப்பட்டதை டிக்கன்ஸ் நேரிற் கண்டார். நாவலாசிரியர் தாக்கரேயும் அக்கூட்டத்தில் நின்றார். ஆனால், சட்டம் எதிர்பார்த்த அச்சத்தை டிக்கன்ஸ் அங்கே காணவில்லை. குடியையும் கேலியையும் கீழ்மையையுமே கண்டார்.

அவ்வனுபவம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1846இல் ‘டெயிலி நியூஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில், மரண தண்டனையையே அறவே ஒழித்தல் வேண்டுமென அவர் வாதிட்டார். நீதிபதிகளும் தவறக்கூடிய மனிதரே; உயிரைப் பறித்தபின் தவறு தெரியவரின் அதனைத் திருத்த வழியில்லை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

1849 நவம்பர் 13ஆந் திகதி, கொலைக்குற்றம் புரிந்த மானிங் தம்பதியர் ஹோர்ஸ்மொங்கர் லேன் சிறையின் கூரைமேல் தூக்கிலிடப்பட்டனர். எதிரே ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்திருந்த டிக்கன்ஸ், பாடியும் சிரித்தும் இரவைக் கழித்த பெருங்கூட்டத்தைக் கண்டு பதைத்தார். அன்றே ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எனினும், இம்முறை அவர் கேட்டது சிறிது: தூக்குமேடை மக்கள் கண்ணினின்று அகலவேண்டும், சிறைக்குள்ளே தண்டனை நிறைவேறவேண்டும் என்பதே. முழு ஒழிப்பை நாடு ஏலாது என அவர் எண்ணினார். ஒழிப்புக்காக உழைத்தோர் இதனைக் கண்டு மனங்கசந்தனர். கண்காணாத கொலையை மக்கள் எளிதில் மறந்துவிடுவர் என்பது அவர்கள் அச்சம்.

1868 மே 26ஆந் திகதி, மைக்கேல் பரெற் என்னும் ஐரிஷ்காரர் நியூகேற் வாயிலில் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்தில் மக்கள்முன் நடந்த தூக்குத்தண்டனைகளுள் அதுவே இறுதியானது. மூன்று நாட்களின்பின் அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. டிக்கன்ஸ் கேட்டது கிடைத்தது. ஈராண்டின்பின், 1870இல், அவர் காலமானார்.

ஆயினும், மதில்களுக்குள்ளே தூக்குமரம் நின்றுகொண்டேயிருந்தது. பெரிய பிரித்தானியாவிற் கொலைக்கான மரண தண்டனை 1965இலேதான் நிறுத்தப்பட்டது. 1969இல் அந்நிறுத்தம் நிரந்தரமாயிற்று. கூட்டத்தின் கொடுமையை டிக்கன்ஸ் கண்ணாரக் கண்டார். அதனை நீக்கவும் உழைத்தார். ஆனால், 1846இல் அவர் எழுப்பிய வினா வேறு. உயிரைப் பறிக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்னும் அவ்வினாவுக்கு அவருடைய நாடு விடைகாண, அவர் மறைந்தபின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.