சலுகையாகிப்போன நிமிடங்கள்

அரசியல் நிர்ணய சபையின் விவாதப் பதிவுகளைப் படிக்கும்போதெல்லாம், 1948 நவம்பரில் நிகழ்ந்த ஒரு சிறு குறுக்கீட்டில் என் கண் நின்றுவிடுகிறது. தாட்சாயணி வேலாயுதன் பேசிக்கொண்டிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டதைச் சுட்டிக்காட்டும் அவைத் துணைத் தலைவர் எச்.சி.முகர்ஜி, அவர் பெண் என்பதாலேயே கூடுதல் நேரம் தருவதாகச் சொல்கிறார். கனிவான சொல்தான். ஆனால், வாதத்தின் கனத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரம் அந்தச் சொல்லால் சலுகையாகிவிட்டது.

கொச்சியை அடுத்த முளவுகாடு தீவில் 1912-ல் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் தாட்சாயணி. கரையில் கூட்டம் நடத்த இடம் மறுக்கப்பட்ட அம்மக்கள், 1913-ல் காயலில் படகுகளைப் பிணைத்து அவற்றின் மீது கூடினார்கள். பேசுவதற்கு ஓர் அடி நிலம்கூட இல்லாத சமூகத்தின் மகள், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றார், ஆசிரியரானார். 1940-ல் காந்தி, கஸ்தூரிபா முன்னிலையில் அவரது திருமணம் நடந்தது. 1945-ல் கொச்சி சட்டமன்றத்துக்கும், மறு ஆண்டு சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கும் சென்றார். அப்போது வயது 34. சபையிலிருந்த 15 பெண்களில் அவர் ஒருவரே தலித்.

அத்தகையவர் நன்றி கூறி அமர்ந்துவிடுவார் என்றே பலரும் எண்ணியிருக்கக்கூடும். அவரோ தனித் தொகுதி முறையை எதிர்த்தார்; அதை நெடுங்காலம் வலியுறுத்திய அம்பேத்கரோடு வெளிப்படையாகவே மாறுபட்டார். வரைவு அரசமைப்பைப் பாராட்டிய கையோடு, அதிகாரம் இன்னும் பரவலாக்கப்பட வேண்டும் என்றார். பொதுத் தேர்தல் நடத்தி, மக்களின் ஒப்புதலைப் பெற்ற பின்பே அதை ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். அந்த அவையில் மிகத் துணிச்சலான யோசனைகளுள் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். தீண்டாமையைச் சட்டம் மட்டுமே ஒழித்துவிடாது என்பதும் அவர் நிலைப்பாடு.

எதிர்த்துப் பேசுதல் என்பது நம் மொழியில் பெண்களையும் பிள்ளைகளையும் பற்றிச் சொல்லும்போது குற்றச்சாட்டாகிவிடுகிறது. அதையே ஓர் ஆண் செய்தால் கொள்கைப் பிடிப்பு என்கிறோம். சினத்தைவிட, பரிவோடு செவிசாய்ப்பதுபோல் காட்டிக்கொள்வது இன்னும் தந்திரமானது. சினந்தவருக்குப் பதில் சொல்லலாம். சலுகை தந்தவருக்கு நன்றிதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேர்தல்வழி ஒப்புதல் எதுவுமின்றி, 1950 ஜனவரி 26-ல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. தாட்சாயணி மெல்லப் பொது வெளிச்சத்திலிருந்து விலகினார். 1977-ல் டெல்லியில் பெண்களுக்காக மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜூலையில் மறைந்தார்.