வீரநாராயணபுரத்துப் பெரியவர் ஸ்ரீமந் நாதமுனிகள்

சிதம்பரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், வீராணம் ஏரியின் அருகே அமைந்துள்ளது காட்டுமன்னார்கோயில். முற்காலத்தில் இவ்வூர் வீரநாராயணபுரம் எனப்பட்டது. வீரநாராயணன் என்பது 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழனின் விருதுப் பெயர். ஏரியும் ஊரும் அப்பெயரையே பெற்றன. இங்குக் கோயில் கொண்டுள்ள எம்பெருமானை ஊரார் மன்னனார் என்று அழைப்பர்.

இத்திருப்பதியில் ஈசுவரபட்டர் என்னும் பெரியவருக்குத் திருக்குமாரராய், ஆனித் திங்கள் அனுஷ நட்சத்திரத்தில் அவதரித்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். ஆண்டைப் பற்றிக் கருத்துகள் பலவாயினும், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும் அவர் வாழ்ந்த காலம் எனக் கொள்வது பொருந்தும். மனைவியார் அரவிந்தப்பாவை, மகன் ஈசுவரமுனி. ஆசாரிய பரம்பரையின் முதல்வராக இன்று போற்றப்படும் இம்மகான் துறவு பூண்டவர் அல்லர். தந்தைக்கு மகனாகவும் மகனுக்குத் தந்தையாகவும் ஓர் ஊரில் குடியிருந்து, அவ்வூர்க் கோயிலின் காரியங்களைக் கவனித்து வந்த இல்லறத்தார்.

அவர் நெடுந்தொலைவு ஊரை விட்டுப் புறப்பட்டது இருமுறை என்று குருபரம்பரை நூல்கள் கூறும். முதன்முறை குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை சென்றார். வடமதுரை, பிருந்தாவனம் முதலிய தலங்களைச் சேவித்து, யமுனைக் கரையில் கோவர்த்தனபுரம் என்னும் சிற்றூரில் தங்கினார். கண்ணன் விளையாடிய இடம் என்பதால் அவ்விடத்தை விட்டு வர மனம் வரவில்லை. ஆயினும் ஒருநாள் கனவில் மன்னனார் தோன்றி ஊருக்குத் திரும்புமாறு பணித்தார். தலங்கள் பலவற்றை வழியில் தொழுதுகொண்டு குடும்பம் முழுவதும் வீரநாராயணபுரம் வந்து சேர்ந்தது. யமுனையைப் பிரிந்த ஏக்கம் மட்டும் அவர் நெஞ்சில் தங்கிற்று.

பின்னர் ஒருநாள் வெளியூர் ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர் மன்னனார் சந்நிதிக்கு வந்து, திருக்குடந்தை ஆராவமுதன் மீது நம்மாழ்வார் அருளிய பதிகத்தைப் பாடினர். நாதமுனிகள் உருகி நின்று கேட்டார். இப்பத்தும் ஆயிரத்துள் ஒரு பகுதி என்பதைப் பதிகத்தின் இறுதிப் பாட்டே தெரிவித்தது. எஞ்சியவற்றையும் அருளுமாறு அவர் வேண்ட, தாங்கள் அறிந்தவை அப்பத்தே என்று அவர்கள் கூறிவிட்டனர். ஓலையில் எழுதியோ நாவில் ஓதியோ காக்க ஆளின்றி ஆயிரத்துள் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு மறைந்துபோகும் நிலை! கேட்டவர் வேறு ஒருவராயின் பத்தாவது கிடைத்ததே என்று மகிழ்ந்து வீட்டுக்குச் சென்றிருப்பார். நாதமுனிகள் தெற்கு நோக்கி நடந்தார்.

ஆழ்வார் அவதரித்த திருக்குருகூரிலும் பாசுரம் அறிந்தவர் இல்லை. மதுரகவியாழ்வாரின் சீடர் மரபில் வந்த பராங்குசதாசர் என்பவர் கண்ணிநுண்சிறுத்தாம்பு என்னும் பதினொரு பாசுரங்களை உபதேசித்து, ஆழ்வார் திருமுன்பே பன்னீராயிரம் முறை சேவிக்கும்படி வழி காட்டினார். திருப்புளியின் அடியில் அமர்ந்து அவ்வாறே ஓதி முடித்தார் நாதமுனிகள். ஆழ்வார் காட்சி தந்து, தம் ஆயிரம் மட்டுமின்றி நாலாயிரத்தையும் பொருளோடு அருளினார் என்பது பெரியோர் கண்ட வரலாறு. அப்படியே அங்குத் தங்கியிருந்தவரை மீண்டும் மன்னனாரே ஊருக்கு அழைத்துக்கொண்டார்.

பெற்றதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. பாசுரங்களை வகுத்துத் தொகுத்து, தம் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் தேவகான முறையில் இசையோடு கற்பித்தார். திருவரங்கம், ஆழ்வார் திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் சேவார்த்திகள் கண்டு களிக்கும் அரையர் சேவை இவ்விருவர் வழியில் வந்தது என்பர். இசையில் அவருக்கிருந்த நுட்பத்தைச் சோழ மன்னன் சோதித்தபோது, ஒருங்கே ஒலித்த நாலாயிரம் தாளங்களின் எடையை ஓசை கொண்டே பிரித்துக் கூறினாராம். அம்மன்னனின் தலைநகர் கங்கைகொண்டசோழபுரம் என நூல்கள் கூறுகின்றன. அந்நகரோ முதலாம் இராசேந்திரன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பிற்காலத்தார் தாம் அறிந்த பெயரை இட்டு எழுதினர் போலும்.

சீடர்களுள் இருவரைச் சொல்லியே ஆகவேண்டும். ஒருவர் குருகைக்காவலப்பன், மற்றவர் திருவெள்ளறைப் புண்டரீகாட்சர். புண்டரீகாட்சர் ஒருமுறை ஆசாரியரின் தேவிகளுக்குத் துணையாக அவர் பிறந்தகம் சென்றார். அவ்வீட்டார் அவரை வேற்றுப் பிரிவினர் எனக் கருதித் தனியே அமர்த்திப் பழைய சோற்றை இட்டனர். அவரோ அதனைப் பெரும் பேறாக உண்டு திரும்பினார். செய்தி அறிந்த நாதமுனிகள் நெகிழ்ந்து, தம்மையே உய்வித்தவர் என்னும் பொருளில் உய்யக்கொண்டார் என்று பெயரிட்டார். யோகம் வேண்டுமா, பாசுரமும் பொருளும் பரப்பும் பணி வேண்டுமா என்று ஆசாரியர் வினவியபோது, காவலப்பன் யோகத்தை ஏற்றார். உய்யக்கொண்டாரோ, பிணம் கிடக்கும் வீட்டில் மணம் கொண்டாடுவது தகுமோ என்ற கருத்துப்பட விடையளித்தார். உலகம் துயரில் கிடக்கத் தாம் தனித்து இன்புற அவர் விரும்பவில்லை. யோக இரகசியமோ, அதனைப் பெறக் குறித்த நாளை ஆளவந்தார் மறந்தமையால், காவலப்பனோடு மறைந்தது. பாசுரம் இன்றும் கோயில் தோறும் ஒலிக்கிறது.

முதுமையில் ஒருநாள் அவர் யோகத்தில் இருந்தபோது, வேட்டையாடி மீண்ட மன்னன் தேவியரோடு வந்து வணங்கிச் சென்றான். கண்விழித்தவரிடம் வீட்டுப் பெண், வில் ஏந்திய இருவர் ஒரு பெண்ணோடும் குரங்கோடும் தேடி வந்தனர் என்று சொன்னாள். சக்கரவர்த்தித் திருமகனே இளையபெருமாள், பிராட்டி, அனுமன் ஆகியோரோடு எழுந்தருளினான் என்று எண்ணி அப்பெரியவர் பின்னே ஓடினார். காணாமல் தளர்ந்து வீழ்ந்து, திருநாடு அலங்கரித்தார். அவ்விடம் சொர்க்கப்பள்ளம் எனப்படுகிறது.

பிறக்கப்போகும் பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று பெயரிடுமாறு ஈசுவரமுனியிடம் முன்பே பணித்திருந்தார். கோவர்த்தனபுரத்து ஏக்கம் அக்குழந்தையின் பெயராயிற்று. அக்குழந்தையே ஆளவந்தார். அவர் அருளிய ஸ்தோத்திர ரத்தினம் நாதமுனிகளை வணங்கியே தொடங்குகிறது. இறுதிச் சுலோகத்தில், தம் நடத்தையைப் பாராமல் பாட்டனாரைப் பார்த்துத் தம்மை ஏற்றருளுமாறு பேரன் எம்பெருமானிடம் விண்ணப்பிக்கிறார்.