வருங்காலத்தைக் கதையாற் கண்டவர்

காவியஞ் செய்தோர் உலகிற் பலர். வரலாறு வரைந்தோரும் பலர். வரலாற்றை ஐயந்திரிபற வரைந்து, அவ்வரலாறு ஒன்றே தம் மக்களை உய்விக்கப் போதாதெனக் கண்டு, முதிர்ந்த அறிவோடு கதை செய்யப் புகுந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களிடையே தோன்றிய வில்லியம் எட்வேர்ட் பேர்காட் டுபோயிஸ் என்னும் பேரறிஞர். அவரைச் சமூகவியலாரென்றும், வரலாற்றாசிரியரென்றும், உரிமைப் போர் வீரரென்றும் உலகம் அறியும். அவர் கதாசிரியருமாவர் என்பதை நம்மவருட் பலர் அறியார். அக்கதைகளோ பொழுதுபோக்கிற்காக எழுந்தவையல்ல. இன்னும் பிறவாத ஒரு காலத்தை நோக்கி எழுந்தவை. அவ்வழி நின்று அவர் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

டுபோயிஸ் 1868ஆம் ஆண்டு பெப்ருவரி 23ஆந் திகதி, மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கிரேற் பாரிங்ரன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்போது மூன்றாண்டும் நிறையவில்லை. தந்தையார் அவரது குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தைப் பிரிந்து சென்றார். தாயார் உடல்நலங் குன்றிய நிலையிலும் பிறர் இல்லங்களில் வேலை செய்து மகனைப் படிப்பித்தார். 1884இல் அவர் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது, அவ்வாண்டு அங்குத் தேறியோருள் அவரொருவரே கறுப்பினத்தவர். மறு ஆண்டு தாயார் இறந்தார். தேவாலயத்தார் சேர்த்துக் கொடுத்த பொருளைக் கொண்டு அவர் தெற்கே சென்று, நாஷ்வில் நகரத்துப் பிஸ்க் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார்.

அங்குக் கற்ற காலத்துக் கோடை விடுமுறைகளில் ரெனெசி மாநிலத்து நாட்டுப்புறத்தில் ஆசிரியத் தொழில் செய்தார். ஆசிரியராயுள்ளோர் இப்பகுதியை நெஞ்சு கலங்காமற் படித்தல் அரிது. பள்ளியாவது, நிலக்கிழார் ஒருவர் சோளம் இட்டு வைத்த மரக்குடில். வாயிலுக்குக் கதவு இல்லை. வாங்குகளுக்குச் சாய்வு இல்லை. ஆசிரியர் அமர்வதற்கு இரவல் வாங்கிய கதிரையை ஒவ்வொரு மாலையும் உரியவரிடத்துத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அவ்வூரில் இருபது வயதளவினளான ஒரு பெண் கல்வியின்மேற் பெருவேட்கை கொண்டிருந்தாள். தானும் நாஷ்வில் சென்று கற்பதே அவள் கனவு. பத்தாண்டு கழித்து டுபோயிஸ் அவ்வூருக்கு மீண்டபோது, குடும்பத்திற்காக உழைத்து உழைத்து ஓய்ந்து அவள் இறந்துபோயிருந்தாள். அந்நினைவு அவரை விட்டு என்றும் நீங்கவில்லை.

பிஸ்கிலிருந்து ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கும், அங்கிருந்து ஜேர்மனி நாட்டுப் பேர்லின் பல்கலைக்கழகத்துக்கும் சென்று கற்றார். 1895இல் ஹாவார்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டத்தைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது நம் மரபு. இளம் டுபோயிஸ் முதலில் நம்பியது எண் என்னுங் கண்ணையே. வெள்ளையர் கறுப்பினத்தாரை இகழ்வதற்குக் காரணம் அறியாமை; உண்மையை எண்ணிக் காட்டினால் இகழ்ச்சி நீங்கும் என்பது அவர் துணிபு. பிலடெல்பியா நகரில் ஏறக்குறைய 2,500 குடும்பங்களின் செய்திகளை வீடு வீடாகச் சென்று திரட்டி, 1899இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். 1897 முதல் அற்லான்ராப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்து, ஆண்டுதோறும் ஆராய்ச்சித் தொகுதிகளை வெளிக்கொணர்ந்தார். 1900இல் நடைபெற்ற பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு, மாணாக்கர் துணையோடு கறுப்பின மக்களின் கல்வி, நிலவுடைமை, தொழில் ஆகியவற்றைக் காட்டும் ஏறக்குறைய 60 வண்ண வரைபடங்களை ஆக்கி அனுப்பினார்.

ஆயினும் 1899ஆம் ஆண்டு அவர் நம்பிக்கையை உலுக்கிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரில் மாதத்தில் ஜோர்ஜியா மாநிலத்திற் சாம் ஹோஸ் என்னுங் கறுப்பினத் தொழிலாளி கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டார். உண்மைகளை நிதானமாக விளக்கும் மடலொன்றை எழுதிக்கொண்டு டுபோயிஸ் பத்திரிகை நிலையத்தை நோக்கி நடந்தார். வழியில் ஒரு செய்தி வந்தது. வெறிகொண்ட கூட்டம் அம்மனிதரை நீதி விசாரணையின்றி உயிரோடு எரித்துவிட்டது. அவர் கைவிரல் மூட்டுகள் கடையொன்றிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்பதே அது. மடலைக் கொடாமலே அவர் வீட்டுக்குத் திரும்பினார். மறு மாதம் அவருடைய ஒரே ஆண் மகவு, இரண்டு வயதும் நிரம்பாத நிலையில், தொண்டையடைப்பான் நோயால் இறந்தது. அக்குழந்தையை ஜோர்ஜியா மண்ணில் அடக்கஞ் செய்ய மனம் ஒவ்வாது, தாம் பிறந்த வடநாட்டுச் சிற்றூருக்கே கொண்டு சென்றார்.

எண் பொய்க்கவில்லை, ஆயின் கேட்க விரும்பாத செவிக்கு எண் எட்டுவதில்லை. இதனை உணர்ந்த டுபோயிஸ் எழுத்தென்னும் மற்றக் கண்ணைத் திறந்தார். 1903இல் வெளிவந்த ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் நூலில் வரலாறும் ஆராய்ச்சியுமாகிய இயல்களுக்கிடையே சிறுகதை ஒன்றையும் வைத்தார். ஒவ்வோர் இயலின் முகப்பிலும் அடிமைகள் பாடிய துயரப் பாடல்களின் இசைக்குறியைப் பொறித்தார். எழுத்தறியாத முன்னோர் ஏடின்றிக் காத்து வந்த கலையை, ஐரோப்பியக் கவிஞர் வாக்குகளுக்கு அருகே இருத்திய துணிவு அது.

1910இல் அற்லான்ராவை விட்டு நியூயோர்க் சென்று, அதற்கு முந்திய ஆண்டு தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் ‘நெருக்கடி’ என்னும் மாத இதழுக்கு ஆசிரியரானார். முதலில் 1,000 படிகள் அச்சான அவ்விதழ் 1919 அளவில் 1,00,000 படிகளை எட்டியது. அவர் கலையை மேடைக்கும் கொண்டு வந்தார். விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டாகிய 1913இல், ‘எதியோப்பியாவின் விண்மீன்’ என்னும் பெருங் காட்சி நாடகத்தை நியூயோர்க்கில் அரங்கேற்றினார். இரும்பை உருக்கிய பழங்கால ஆபிரிக்கர் முதலாக, அவ்வினத்தார் உலகுக்களித்த கொடைகளை வரிசைப்படுத்திக் காட்டியது அந்நாடகம். 1915இல் அது வாஷிங்ரன் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நடிகரோடு நடைபெற்றது. அதே ஆண்டிலேதான், முகமூடியணிந்த கொலைகாரரை வீரராகப் புனைந்து காட்டிய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் திரைப்படம் அமெரிக்காவெங்கும் ஓடியது. கதையின் வலிமையைப் பகைவரும் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? பொய்க் கதைக்கு மாற்று, கதையை வெறுத்தலன்று. மெய்க் கதையை உரத்துச் சொல்லுதலே என டுபோயிஸ் கண்டார்.

இனி, அவர் வருங்காலத்தை நோக்கிய கதைகளுக்கு வருவோம். 1908க்கும் 1910க்கும் இடைப்பட்ட காலத்தில் ‘உருக்கு இளவரசி’ என்னுங் கதையை எழுதினார். கறுப்பினப் பேராசிரியர் ஒருவர், மக்கள் வாழ்வின் அன்றாடச் செய்திகளைத் திரட்டி, அவற்றைக் கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத வாழ்வைக் காட்டும் ‘பெருநோக்கி’ என்னுங் கருவியை அமைக்கிறார். அதனூடு நோக்கியவருக்கு, உருக்கே கூந்தலாய் அமைந்த ஓர் இளவரசியும், அக்கூந்தலைத் தன் செல்வமாக்கிக்கொண்ட ஒரு தலைவனும் தோன்றுகின்றனர். தொழிலாளர் உழைப்பு செல்வர்க்கு உரிமையாகும் வகையை இது உருவகமாக்குகின்றது. அப்பேராசிரியர் டுபோயிஸ் தாமே என்பது வெளிப்படை. தாம் திரட்டிய எண்ணெல்லாம் ஒருநாட் காட்சியாக மாறவேண்டுமென்பது அவர் ஏக்கம். அவர் வாழ்நாளில் அச்சேறாத இக்கதை 2015ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது.

1910இல் ஹலியின் வால்வெள்ளி தோன்றி, அதன் வாலினூடே பூமி செல்லுமென்றும், நச்சு வாயு பரவுமென்றும் மக்கள் அஞ்சினர். அவ்வச்சம் நிகழ்ந்து பத்தாண்டின் பின், 1920இல் வெளியான தம் நூலொன்றில் ‘வால்வெள்ளி’ என்னுஞ் சிறுகதையை டுபோயிஸ் சேர்த்தார். நியூயோர்க் வங்கியொன்றில் ஏவலாளாகிய ஜிம் என்னுங் கறுப்பின இளைஞன், பிறரை அனுப்ப விரும்பாத நிலவறைக்குள் பழைய ஏடுகளைத் தேட அனுப்பப்படுகிறான். மேலே வந்தபோது நகரமெங்கும் பிணக்கோலம். நேற்றுவரை தனக்கு உணவு படைக்க மறுத்திருக்கக்கூடிய போசனசாலையிற் புகுந்து தானே எடுத்துண்கிறான். அவ்வாறே உயிர்தப்பிய செல்வக் குடிப்பிறந்த வெள்ளையப் பெண்ணொருத்தியை எதிர்ப்படுகிறான். உலகில் எஞ்சியோர் தாமிருவரே என நம்பிய அவர்கள், மாலையில் உயர்ந்த மாடமொன்றின்மேல் நின்று, நிறமும் குலமும் அகன்ற வெறும் மனிதராக ஒருவரையொருவர் காண்கின்றனர். அந்நேரத்தில் அவள் தந்தையும் அவளை மணக்கவிருந்தவனும் வந்து சேர்கின்றனர். அழிந்தது நியூயோர்க் மட்டுமே. உலகம் அப்படியே இருக்கிறது. கூடியவர் அவ்விளைஞனைக் கொல்லலாமா என்று பேசத் தொடங்குகின்றனர். தந்தை கையிற் சிறிது பணத்தைத் திணிக்கிறார். இறுதியில் உழைத்து மெலிந்த பெண்ணொருத்தி, இறந்த குழந்தையைக் கையிலேந்தியபடி அவனிடம் வருகிறாள்.

மனிதரைப் பிரித்த கோடு இயற்கை இட்டதன்று, மனிதர் இட்டதே என்பதை நாட்டுவதற்கு ஓர் ஊர் முழுதும் சாகவேண்டியிருந்தது என்பதே இக்கதையின் கொடுமை. வேண்டிய முடிவைக் கதாசிரியர் எளிதிற் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. நிகழக்கூடிய உலகை ஒரு மாலைப்பொழுது காட்டி, நிகழ்கின்ற உலகை மீண்டும் நம் முன் நிறுத்தினார். இடைப்பட்ட தூரத்தை நடக்கவேண்டியவர் படிப்போரே என விட்டுவிட்டார்.

அதே 1920இல் ஜெசி போசெற் என்னும் அம்மையாரின் துணையோடு, கறுப்பினச் சிறுவர்க்கென ஒரு மாத இதழைத் தொடங்கினார். அக்காலத்துப் பாடநூல்களில் அச்சிறுவர் தம்மைக் கண்டால் ஏளனப் பொருளாகவே கண்டனர். தம்மை அழகராகவும் அறிவராகவும் காணாத குழந்தை எந்த வருங்காலத்தைக் கனவு காணும் என்பதே ஆசிரியர் கேள்வி. 24 இதழ்களோடு அது நின்றது. எனினும் பின்னாளிற் பெருங் கவிஞராக விளங்கிய லாங்ஸ்ரன் ஹியூஸ் என்பாரின் இளமைக் கவிதைகள் 1921இல் அதிலே வெளிவந்தன.

1928இல் ‘கருநிற இளவரசி’ என்னும் நாவலை வெளியிட்டார். அதன் தலைவி ஓர் இந்திய அரசகுமாரி, பெயர் கௌடில்யா. பொருணூல் வகுத்த அமைச்சன் பெயரை ஒரு பெண்ணுக்கிட்டதைக் கண்டு நாம் புன்முறுவல் செய்யலாம். ஆயின் ஆசிய மக்களும் ஆபிரிக்க மக்களும் ஒருங்கு நின்று விடுதலை பெறுவரென்றும், 1952ஆம் ஆண்டு அவ்விடுதலை கைகூடுமென்றும் அந்நாவல் ஆண்டு குறித்துச் சொல்லியதை எண்ணும்போது புன்முறுவல் மறைகின்றது. மறு ஆண்டு, காந்தியடிகளும் தாகூரும் விடுத்த செய்திகள் ‘நெருக்கடி’ இதழில் வெளிவந்தன. 1947இல் இந்தியாவும், 1948இல் நம் இலங்கையும், 1957இல் கானாவும் விடுதலை பெற்றன. குறித்த ஆண்டு முழுதும் பொருந்தவில்லை; முற்றும் பிழைத்ததுமில்லை.

வருங்காலத்தைக் காண்போர் தாம் விரும்புவதையே காணும் இடரும் உண்டு. 1953இல் ஸ்டாலின் இறந்தபோது டுபோயிஸ் அவரைப் புகழ்ந்தெழுதினார். அவ்வாட்சியில் மாண்டோரின் துயரம் அவர் கண்ணிற் படவில்லை. அவர் புகழை உரைப்போர் இக்குறையை மறைத்தல் முறையன்று.

1951இல், 82 வயது நிறைந்த முதியவராகிய அவரை, சமாதான இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக அந்நிய நாட்டின் முகவரென வழக்குத் தொடுத்துக் கைவிலங்கிட்டனர். சான்றின்மையால் நீதிமன்றம் விடுவித்தது. எனினும் அவர் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டமையால், கானாவின் விடுதலை விழாவுக்கு அழைக்கப்பட்டும் அவராற் செல்ல முடியவில்லை. அம்முதுமையிலும் அவர் கதையைக் கைவிடவில்லை. 1957க்கும் 1961க்கும் இடையே மூன்று பாகங்கொண்ட ஒரு பெருநாவலை எழுதி முடித்தார். 1961இல் நிக்குருமாவின் அழைப்பை ஏற்று, ஆபிரிக்கக் கலைக்களஞ்சியம் ஆக்குவதற்காகக் கானாவுக்குக் குடிபெயர்ந்தார். தொண்ணூற்று மூன்று வயதில் களஞ்சியம் தொடங்குவோன், தன் வாழ்நாளுக்கு அப்பாலும் காலம் உண்டென நம்புபவனே.

1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27இல் அக்ரா நகரில், தமது 95ஆவது வயதில் டுபோயிஸ் உயிர்நீத்தார். மறுநாள் வாஷிங்ரன் நகரில் உரிமை வேண்டித் திரண்ட ஏறக்குறைய 2,50,000 மக்களுக்கு அச்செய்தி அறிவிக்கப்பட்டது. அதே மேடையில் மார்ட்டின் லூதர் கிங் தம் கனவை உரைத்தார். 2000இல் கறுப்பின எழுத்தாளரின் அறிபுனை கதைகள் ஒரு தொகுதியாக வெளிவந்தபோது ‘வால்வெள்ளி’யும் அதில் இடம்பெற்றது. தாம் புதிதாகத் தொடங்கியதாக எண்ணிய வழியில், எண்பதாண்டுக்கு முன்னரே ஒருவர் நடந்திருப்பதை இளைய எழுத்தாளர் கண்டுகொண்டனர்.

ரெனெசி நாட்டுப்புறத்து அக்குடிலை ஈண்டு மீண்டும் நினைவோம். புள்ளிவிவர ஏட்டில் அந்தப் பெண் ஓர் எண்ணாகவே நின்றிருப்பாள். டுபோயிஸ் அவளை எழுதினார். ஆதலால் நூறாண்டுக்கு மேலாகியும் நாம் அவளுக்காக இரங்குகிறோம். அவளுக்குக் கிட்டாத கல்வி கிட்டியிருந்தால் என் ஆகியிருப்பாள் என எண்ணுகிறோம். அவ்வாறு எண்ணத் தொடங்குதலே வருங்காலத்தைக் கற்பனை செய்தலாகும். வகுப்பில் மாணாக்கன் ஒருவன் கதை எழுதி வந்து நீட்டும்போது, பாடத்தை விட்டுக் காலத்தைப் போக்கினான் என அதை ஒதுக்கிவைக்குமுன், நாம் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.